மட்டக்களப்பில் லொறி வேலைக்கு இறங்கும் தம்பிமாருக்கு

லொறி வேலை தேடும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணன், மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. அந்த லொறி இங்கிருந்து எதை ஏற்றிக்கொண்டு போகிறது? திரும்பி வரும்போது எதைக் கொண்டு வருகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் சம்பளம், பட்டா (பயணப் படிக்காசு), கிழமையில் எத்தனை இரவு வீட்டில் படுக்கலாம், எந்த மாதம் கை காயும் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். பதில் தெரியாமல் ஏறியவர்கள் மூன்றாம் மாதமே இறங்கிவிடுகிறார்கள். அப்படி இறங்கிப்போன நல்ல ஓட்டக்காரர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளீனராக ஏறி, கன்டர் என்ற நடுத்தர லொறி ஓட்டி, பிறகு பெரிய லேலண்டுக்குப் போனவன். இன்றும் ஓடுகிறேன். இதில் சொல்வது மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும் பொருந்தும்.

நம் ஊரில் எது ஓடுகிறது

கொழும்பைப் போலக் கப்பலில் கொள்கலன் வந்து இறங்கும் ஊர் அல்ல இது. இங்கே லொறிக்குச் சோறு போடுவது வயல், கடல், கடை, கட்டடம் என்ற நான்கும்தான்.

வயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்போக அறுவடை ஜனவரி கடைசியில் சூடுபிடித்து மார்ச் வரை போகும். சிறுபோகம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. இந்த இரண்டு காலத்திலும் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் லொறி கிடைக்காது, ஓட்ட ஆளும் கிடைக்காது. வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் அன்று பின்னேரமே நெல் மூடையாகிவிடும். முந்தி மாதிரி கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மிதித்து, ஆறுதலாக ஏற்றும் காலம் போய்விட்டது. அதனால் எல்லாருக்கும் ஒரே நாளில் லொறி வேண்டும். நெல் சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளுக்குப் போகும், பொலன்னறுவைக்குப் போகும், அரிசியாகி மரந்தகஹமுல சந்தைக்கும் போகும். புதிதாக வருபவருக்கு வேலை கிடைக்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஜனவரி தொடக்கத்திலேயே லொறி முதலாளிமாரைப் போய்ப் பாருங்கள். மார்ச் முடிந்து போனால், "இருங்க தம்பி, பிறகு சொல்றன்" என்ற பதில்தான் வரும்.

கடல் வேறு மாதிரி. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்தும் கல்முனைக் கரையிலிருந்தும் மீன் ஏற்றும் கூலர் லொறிகள் விடிவதற்குள் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொட மீன் சந்தையில் நிற்க வேண்டும். ஐஸ் கரையக் கரைய மீனின் விலையும் இறங்கும். ஆகவே அது நேரத்தோடு மல்லுக்கட்டும் வேலை. காசு மற்றதைவிட நன்றாக இருக்கும், தூக்கம் இருக்காது. முதல் வருடத்தில் அதற்குப் போகாதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கடைச் சரக்கு வருடம் முழுக்க ஓடும். காத்தான்குடி, கல்முனை, மட்டக்களப்பு நகரக் கடைகளுக்குக் கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவிலிருந்து சீனி, பருப்பு, வெங்காயம் வரும். பழைய சோனகத் தெருவிலிருந்து இரும்புச் சாமான் வரும். கோதுமை மாவும் சீமெந்தும் திருகோணமலையிலிருந்து ஏ15 வீதியால் வரும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் வரை அந்த வழியில் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் வாகனத்தைக் கடத்த வேண்டும். இன்று காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். மரக்கறிக்குத் தம்புள்ளை இருக்கிறது. மலைநாட்டு மரக்கறி என்றால் செங்கலடியிலிருந்து பதுளை போகும் ஏ5 வீதி.

கட்டடச் சாமான் என்றால் மணல், கல், கிரவல், செங்கல், பெரும்பாலும் டிப்பர் வேலை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து ஹபரணை வழியாகக் கொழும்பு போய்த் திரும்பினால், ஊருக்குள் அலைவதையும் சேர்த்து ஏறத்தாழ 650 கிலோமீற்றர். லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும், டீசல் லீற்றர் 300 ரூபா என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 130 லீற்றர், 39,000 ரூபா டீசலுக்கே போகிறது. போகும்போது அரிசி, வரும்போது கடைச் சரக்கு என்றால் இரண்டு ஹயர் (சரக்கு ஏற்றும் கூலி) அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும். வெறும் லொறியாகத் திரும்பினால் ஒரே ஹயர் முழுச் செலவையும் சுமக்க வேண்டும், முதலாளியின் முகமும் கறுக்கும், உங்கள் பட்டாவும் இழுபடும். திரும்பல் லோடு நிரந்தரமாக வைத்திருக்கும் முதலாளியிடம் சம்பளம் கொஞ்சம் குறைவென்றாலும் அங்கேயே சேருங்கள்.

லைசன்ஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேற்படாத சின்ன லொறிகளை, நாம் பட்டா என்று சொல்கிற சின்ன டாட்டா வண்டி உட்பட, பி வகை லைசன்ஸில் ஓட்டலாம். 3,500 இலிருந்து 17,000 கிலோ வரை சி1. கன்டர், எல்ஃப், இரண்டு அச்சு லேலண்ட் எல்லாம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். 17,000 கிலோவுக்கு மேலே சி. பத்துச் சில்லு டிப்பர் அதில்தான் வரும். பின்னால் டிரெயிலர் இழுப்பதற்கு சிஇ. இங்கே சொல்லும் நிறை என்பது வெறும் லொறியின் நிறை அல்ல, ஏற்றக்கூடிய பாரத்தையும் சேர்த்தது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க முதல் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்று எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். கனரக லைசன்ஸை 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சாதாரண லைசன்ஸ் போல 8 வருடம் சும்மா இருக்க முடியாது. காலாவதியான லைசன்ஸோடு விபத்தில் மாட்டினால் காப்புறுதி கைவிரித்துவிடும். திகதியைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள்.

யாராவது, "பரீட்சைக்குப் போகாமலே எடுத்துத் தாறன்" என்று காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பத்து தொன் பாரத்தோடு இறக்கத்தில் நிற்கும்போது அந்தப் பிளாஸ்டிக் அட்டை உங்களுக்கு உதவாது.

எங்கே தொடங்குவது

இரண்டு வாசல்கள்தான் நல்லவை.

ஒன்று விநியோக லொறி. பிஸ்கட், சோடா, சவர்க்காரம், பால்மா விநியோக முகவர்களிடம் சின்ன லொறிகள் இருக்கின்றன. காலையில் ஏற்றி, இன்றைக்கு ஏறாவூர் பக்கம், நாளைக்கு களுவாஞ்சிகுடி பக்கம் என்று கடை கடையாக இறக்கி, இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். பி லைசன்ஸ் போதும். ஒடுக்கமான ஒழுங்கைக்குள் பின்னுக்கு எடுப்பது, பில் பார்த்து எண்ணி இறக்குவது, கடைக்காரரோடு முகம் கோணாமல் பேசுவது, மூன்றும் இதில் பழகிவிடும். கடைக்காரர் தரும் காசு உங்கள் கையால் போகும் என்பதை மறக்காதீர்கள். அன்றன்றைக்கே கணக்குக் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாளைக்கு என்று வைத்த காசு எப்போதும் குறையும்.

மற்றது கிளீனராக ஏறுவது. லைசன்ஸ் கையில் இருக்கும்போது கிளீனர் வேலைக்குப் போவதா என்று இப்போதைய பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படவே வேண்டாம். ஆறு மாதம் ஒரு நல்ல ட்ரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் எந்த ஆலையில் எத்தனை மணிக்கு இறக்குவார்கள், எந்த வளைவில் எந்தக் கியர், எந்தத் தேநீர்க்கடையில் நிம்மதியாக இரண்டு மணித்தியாலம் கண்ணயரலாம் என்பதெல்லாம் உங்களுக்குள் இறங்கிவிடும். எனக்குக் கற்றுத்தந்தவர் ஓட்டமாவடிப் பக்கத்து காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் முழு லோட்டையும் இறக்கிக் காட்டி, திரும்ப ஏற்றி ஓடியவர். ஆறு மாதம் ஸ்டியரிங்கில் கை வைக்க விடவில்லை. "மனே, முதல்ல லொறிட சத்தத்தக் கேட்டுப் பழகு" என்பார். அப்போது கோபம் வந்தது. பிறகு ஒருநாள் வெலிக்கந்தையில், பின் சில்லில் பேரிங் போகத் தொடங்கியதைச் சத்தத்தை வைத்தே பிடித்து நிறுத்தினேன். சில்லு கழன்று ஓடியிருக்க வேண்டிய இரவு அது.

பேஸ்புக்கில், இக்மன் இணையத்தளத்தில் விளம்பரங்கள் வரும். பார்க்கலாம். ஆனால் நம் ஊரில் நல்ல வேலைகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே போய்விடுகின்றன. ஹாட்வெயார் கடை, நெல் ஆலை, டயர் ஒட்டும் கடை, லொறி கழுவும் இடம், இந்த நான்கிலும் உங்கள் இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். டயர்க் கடைக்காரருக்குத் தெரியாத முதலாளி இல்லை. யார் டயர் தேயத் தேய ஓட்டுகிறார், யார் காலத்துக்கு மாற்றுகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டாவது வகை முதலாளியிடம் போங்கள்.

முதலாளியிடம் கேட்க வேண்டியவை

மரியாதையாக, ஆனால் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் சண்டை.

சம்பளம் மூன்று விதமாக இருக்கும். மாதச் சம்பளமும் பயணப் பட்டாவும், பயணத்துக்கு இவ்வளவு, டீசல் போக ஹயரில் ஒரு பங்கு. முதல் வருடத்துக்கு மாதச் சம்பளம்தான் பாதுகாப்பு. பங்கு முறை அறுவடைக் காலத்தில் இனிக்கும், நவம்பர் டிசம்பர் மழையில் கசக்கும். அதோடு டீசல் விலை ஏறினால் உங்கள் பங்கும் குறையும். 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாவுக்குப் போனபோது, பங்கு முறையில் ஓடியவர்கள் எரிபொருள் நிலைய வரிசையில் நாள்கணக்காக லொறிக்குள் படுத்தார்கள், கையில் எதுவும் மிஞ்சவில்லை. மாதச் சம்பளக்காரருக்கும் கஷ்டம்தான், ஆனால் அடுப்பு எரிந்தது.

2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்குக் கீழே யாரும் பேச முடியாது. ஊழியர் சேமலாப நிதியில் உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் போக வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். "இபிஎஃப் (சேமலாப நிதி) இருக்கா முதலாளி?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஒற்றை லொறி வைத்திருக்கும் பல பேர் கட்டுவதில்லை, அது உண்மை. ஆனால் கேட்காத ஒருவருக்கு யாரும் தானாகக் கட்டப் போவதும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் முதுகு விட்டுப்போன ட்ரைவர்கள் கையில் ஒரு சதமும் இல்லாமல் வீட்டில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்குதில்லை.

அப்புறம் இதையெல்லாம் கேளுங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி யார் கொடுப்பது? புறக்கோட்டையில் மூடை தூக்கும் நாட்டாமிமாருக்குக் கொடுக்கும் காசு யாருடைய கணக்கு? பொலிஸ் தண்டப்பணம் வந்தால் யார் கட்டுவது? வேகத்துக்கு நீங்கள், பாரம் கூடினதற்கும் தேய்ந்த டயருக்கும் முதலாளி என்பது நியாயம். சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு? வழியில் டயர் வெடித்தால் செலவுக்கு முன்பணம் தருவாரா? பதிலை வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி, "சரிதானே முதலாளி?" என்று கேட்டு வையுங்கள். அவர் "ஓம்" என்று போட்டால் போதும்.

ஏற்றுவதும் கட்டுவதும்

என் முதல் வருட இழப்பு ஒன்றைச் சொல்கிறேன். பெப்ரவரி மாதம், கரடியனாற்றுப் பக்கத்து வயலில் நெல் ஏற்றினோம். மூடை ஒன்று 60, 70 கிலோ. ஏற்றி முடியும்போது இருட்டிவிட்டது. வானம் தெளிவாக இருந்தது. தறப்பாளை அவசரமாக இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டி எடுத்தேன். முன்பக்கம், கெபினுக்கு மேலே வரும் ஓரத்தை மூடைக்கு அடியில் மடித்துச் செருகவில்லை. புணானை தாண்டியதும் காற்று அதற்குள் புகுந்து தறப்பாளைத் தூக்கிவிட்டது. எனக்கு இருட்டில் தெரியவில்லை. வெலிக்கந்தையில் கால் மணித்தியாலம்தான் மழை. ஆலையில் இறக்கும்போது முன் வரிசையில் 11 மூடை நனைந்து கனத்துப்போய் இருந்தது. ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லுக்கு முழு விலை. ஆலைக்காரர் அந்த 11 மூடைக்கும் விலையை வெட்டினார், முதலாளி அதை என் சம்பளத்தில் வெட்டினார். இரண்டு பேரிலும் எனக்குக் கோபமில்லை. கட்டியவன் நான்.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். மேல் வரிசை மூடைகளை நடுவில் உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவாக, வீட்டுக் கூரை மாதிரி அடுக்கச் சொல்வேன். தட்டையாக அடுக்கினால் மழைத்தண்ணீர் குழியில் தேங்கி, தறப்பாளில் இருக்கும் ஊசித்துளையால் கீழே இறங்கும். தறப்பாளை முன்னுக்கிருந்து பின்னுக்கு விரிக்க வேண்டும், முன் ஓரத்தை முன் வரிசை மூடைக்கு அடியில் இரண்டு முழம் செருக வேண்டும். இரண்டு தறப்பாள் போட்டால் முன் தறப்பாள் மேலேயும் பின் தறப்பாள் கீழேயும் வர வேண்டும். மாறிப்போட்டால் காற்று நேராக உள்ளே போகும். கயிற்றைக் கொக்கிக்குக் கொக்கி குறுக்கும் மறுக்குமாக எடுத்து, ஒவ்வொரு கொக்கியிலும் உடம்பு பாரத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். எல்லாம் முடிந்து 20 கிலோமீற்றர் ஓடியதும் கட்டாயம் நிறுத்திப் பாருங்கள். மூடைகள் குலுங்கி அமர்ந்திருக்கும், கயிறு ஒரு சாண் தளர்ந்திருக்கும். அதைத் திரும்ப இறுக்கினால்தான் கட்டு முடிந்ததாகக் கணக்கு.

வயலுக்குள் லொறியை இறக்கும்போதும் நிதானம் வேண்டும். வெறும் லொறி போன மதகு பாரத்தோடு வரும்போது தாங்காது. முதலில் இறங்கி நடந்து பாருங்கள். மண்முனைப் பாலம் 2014 இல் வந்த பிறகு படுவான்கரைக்குச் சுற்றிப் போகும் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் பாலம் தாண்டி உள்ளே போகும் கிரவல் வீதிகள் மழைக்குப் பிறகு முன்போலத்தான்.

எண்ணிக்கை விஷயம்: ஏற்றும்போதும் இறக்கும்போதும் நீங்களே எண்ணுங்கள். கொழும்பில் இறக்கும்போது கொஞ்சம் சிங்களம் தெரிந்தால் பாதி வேலை சுலபம். சரக்குக்கு "படு", இறக்குவதற்கு "பானவா", எத்தனை மணிக்கு என்பதற்கு "கீயட்டத". இந்த மூன்று சொல்லும் ஒரு சிரிப்பும் போதும், வரிசையில் உங்களுக்கும் ஒரு இடம் கிடைக்கும். பில்லில் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் லொறியை எடுக்க வேண்டாம்.

வீதி

நம் பக்கம் சமவெளி. அதுவே ஒரு ஆபத்து, ஏனென்றால் நம் பிள்ளைகள் மலை இறக்கத்தைப் பழகாமலே பாரம் ஏற்றிவிடுகிறார்கள். கண்டியிலிருந்து மகியங்கனை இறங்கும் 18 வளைவு, பதுளைப் பக்கத்து இறக்கங்கள், இவற்றில் முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுவில் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிடும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் மிதி கல் மாதிரி இருந்தும் லொறி பிடிக்காது. எரிந்த ரப்பர் போன்ற ஒரு மணம் கெபினுக்குள் வந்தால் அது கடைசி எச்சரிக்கை. இடம் பார்த்து ஒதுக்கி, கட்டை வைத்து, ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிரம் வெடிக்கும்.

யானை. புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வரையும், பிறகு மின்னேரியா, ஹபரணைப் பக்கமும், செங்கலடி வீதியில் புல்லுமலை தாண்டி மகா ஓயா வரையும் இரவில் வீதிக்கு வரும். கோர்ன் அடிக்காதீர்கள், பெரிய வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, வெளிச்சத்தைத் தாழ்த்தி, அது போகும் வரை இருங்கள். ஒரு யானை கடந்துவிட்டால் எடுத்துவிடாதீர்கள். பின்னால் குட்டியோடு இன்னொன்று நிற்கும்.

இரவில் படுத்திருக்கும் மாடுகளும், வீதியோரம் காயப்போட்ட நெல்லும் நம் ஊருக்கே உரியவை. காயும் நெல்லில் திடீரென்று பிரேக் அடித்தால் சில்லு மணல்மேல் போல வழுக்கும். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை ஊர் ஊராக ஒட்டிக்கொண்டே போகும், பாடசாலை விடும் நேரமும் வெள்ளிக்கிழமை மத்தியானமும் அந்த வழியைத் தவிர்த்தால் உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ளம் வீதியை மூடலாம். தண்ணீர் வீதிக்கு மேலால் ஓடினால் பெரிய லொறி போய்விட்டது என்று பின்னால் இறங்காதீர்கள். அவர் பாரத்தோடு போனார், நீங்கள் வெறுமையாக இருப்பீர்கள், வெறும் லொறியைத் தண்ணீர் தள்ளும்.

தூக்கம் வந்தால் நிறுத்தித் தூங்குங்கள். தூக்கம் வராமல் இருக்க என்று யாராவது ஒரு பொட்டலம் நீட்டினால் அந்த ஆளோடு பயணமே போகாதீர்கள். இந்தத் தொழிலில் நான் பறிகொடுத்த சிநேகிதர்களில் பாதிப்பேரை விபத்து கொண்டுபோகவில்லை, அந்தப் பொட்டலம்தான் கொண்டுபோனது.

டிப்பரும் மணலும்

புதிதாக வரும் ஆளுக்கு முதலில் கை நீட்டுவது இந்த வேலைதான். இரவில் நாலு லோடு, அன்றைக்கே கையில் காசு. மணல், கிரவல் ஏற்றிச் செல்ல புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தக் கடதாசி லொறிக்குள், உங்கள் கையில் இருக்க வேண்டும். "முதலாளிட்ட இருக்கு, கேட்டா கோல் எடு" என்பது அனுமதிப்பத்திரம் இல்லை. பிடிபட்டால் நீதிமன்றத்தில் நிற்பவர் ட்ரைவர். முதலாளி லொறியை மீட்கத்தான் வருவார். மரத்துக்கும் மாட்டுக்கும் இதே கதைதான், இரண்டுக்கும் தனித்தனி அனுமதி இருக்கிறது. கடதாசியைக் கண்ணால் பார்த்து, திகதியும் லொறி இலக்கமும் சரியா என்று வாசித்த பிறகுதான் சாவியைத் திருப்புங்கள். கடதாசி சரியாக இருக்கும் டிப்பர் வேலை நல்ல வேலை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மற்றப்படி எந்த லொறியிலும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்று, தகுதிச் சான்று நான்கும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

சொந்த லொறி, வெளிநாடு

இரண்டு வருடம் ஓடியதும் சொந்த லொறி ஆசை வரும். வரட்டும். ஆனால் லீசிங் எடுக்க முதல், நீங்கள் ஓட்டும் முதலாளியின் லொறிக்கு 12 மாதமும் எத்தனை ஹயர் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தவணை எல்லா மாதமும் ஒரே மாதிரி வரும், ஹயர் அப்படி வராது. ஆகக் குறைந்த மாதத்து வருமானத்தில் தவணையும் டீசலும் டயரும் கட்ட முடியுமா என்று பாருங்கள், நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது, இடையில் பழைய லொறிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. பழைய லொறி வாங்கினால் சேசிஸில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று வெல்டிங் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கட்டாருக்கும் சவூதிக்கும் கனரக ட்ரைவராகப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. போகலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். அங்கே வலது பக்கத்தால் ஓட வேண்டும், அங்கேயும் ஒரு பரீட்சை இருக்கும். இங்கே சி அல்லது சிஇ எடுத்து, இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டுப் போனால்தான் அங்கே நிமிர்ந்து நிற்கலாம்.

முதல் தனிப் பயணத்துக்கு முந்திய இரவு

முதலாளி "நாளைக்கு நீயே எடு" என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு இரவு லொறியைச் சுற்றி இரண்டு தடவை நடங்கள். ஒரு தடவை வெளிச்சத்தோடு, சில்லு நட், டயர், எண்ணெய்க் கசிவு பார்க்க. இன்னொரு தடவை கையால் தட்டிக்கொண்டு. இரட்டைச் சில்லில் உள் டயர் காற்றுப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கட்டையால் தட்டினால் சத்தம் மாறிக் கேட்கும். எயார் பிரேக் லொறி என்றால் காலையில் எஞ்சினைப் போட்டு, அழுத்தம் முழுதாக ஏறும் வரை நகர்த்தாதீர்கள். கெபினுக்குள் ஜாக், சில்லுக்கு வைக்க இரண்டு கட்டை, ஒரு ரோச், கூடுதல் கயிறு, தண்ணீர்க் கான், பியூஸ் நாலைந்து, சில்லறைக் காசு. கிளீனர் பையன் சாப்பிட்டானா என்று கேளுங்கள், அவனுக்கும் ஒரு போர்வை எடுத்து வையுங்கள். ஒரு சாக்கு ஊசியும் கொஞ்சம் சணல் நூலும் ஆசனத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். வழியில் ஒரு மூடை கிழிந்து நெல் சிந்தத் தொடங்கினால், ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் நீங்களே தைத்துவிட்டுப் போகலாம்.